வெருளியம்மா

அந்த அம்மாவின் பெயர் எனக்கு எழுத வராது. சொல்லவும் வராது. நடுவில் ஓர் எழுத்து இருக்கிறது, தொண்டையில் மீன்முள் சிக்கினவன் மாதிரிக் காறித்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் என் ஓட்டோவில் ஏறி இறங்கியவர், ஒருநாள்கூட நான் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் வெருளியம்மா. வயலில் பறவையும் பன்றியும் வராமலிருக்க வைக்கோலால் ஆள் மாதிரிக் கட்டி நிறுத்துவோமே, அதுதான் வெருளி. அப்படியொரு பெயர் அவருக்கு வந்ததற்கு முழுக் காரணமும் நான். இதை இன்றுவரை நான் ஊரில் ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய வீட்டைத் திருத்தி, கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிற இடமாக்கியிருந்தார்கள். அங்கே முதலில் வந்து இறங்கியவர் இவர். பனி கொட்டும் நாடு. வயது அறுபதுக்கு மேலே. ஆறடி உயரம். கை இரண்டும் முழங்காலைத் தொடும் என்று சொன்னால் அது கொஞ்சம் கூடுதல், ஆனால் கொஞ்சம்தான். தடி, கொடி, ஓலை, வைக்கோல், மண் இவற்றால் மட்டுமே உருவங்கள் செய்வார். ஆணி கூடாது, கம்பி கூடாது, பிளாஸ்டிக்கைக் கண்ணிலும் காட்டக்கூடாது. நான் கட்டாரில் ஒன்பது வருடம் லொறி ஓட்டி ஆங்கிலம் பழகியவன். ஓட்டோவுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து என்னையே பிடித்தார்கள். அந்த மூன்று மாதமும் நான் ஊருக்குள் நடந்த நடையை என் மனைவி இன்றைக்கும் நடந்து காட்டிச் சிரிப்பாள்.

முதல் நாளே கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டேன்.

"அவா என்ன தொழில் தம்பி?"

சிற்பி என்று சொல்லலாம். சொன்னால் வில்லங்கம். எங்கள் பிள்ளையார் கோயில் கோபுரம் பாதியில் நிற்கிறது. சிற்பி என்ற சொல் காதில் விழுந்தால் மனுசியைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவார்கள். அந்த அம்மா கையில் படக்கொப்பியை விரித்து வைத்திருந்தார். அதில் வைக்கோலால் செய்த ஓர் ஆள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. என் வாயில் வந்தது அதுதான்.

"வெருளி கட்டுறவா."

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மேலே பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "உதுக்கே வெளிநாட்டில இருந்து ஆள் எடுத்தவை?" என்றார். பிறகு, காரியக்காரர் அல்லவா, தன் வயலுக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்லிக் கேட்கச் சொன்னார். நான் அந்த அம்மாவிடம், "இவர் உங்கள் படைப்பொன்றைத் தன் வயலில் வைக்க ஆசைப்படுகிறார்" என்றேன். இது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு கிழமைக்குள் பதினொரு வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் அதே வசனத்தைச் சொன்னேன். ஒன்பதாவது வீட்டில் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஊரில் முப்பது வருடமாக இதைச் செய்வதாகவும், உங்கள் வளவில் ஒன்று வைக்கட்டுமா என்று தான்தான் கேட்டுத் திரிவதாகவும், தன்னிடம் வந்து ஒருவரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு எங்கே மனம் வரும்?

ஆனால் வெருளி கட்டுவதற்கு முக்கியமான ஒன்று அந்த அம்மாவிடம் அறவே இல்லை. பயமுறுத்த வராது. வரவே வராது.

என் வீட்டு நாய் தபால்காரரை ஒழுங்கை முனைக்கே வரவிடாது. அது அந்த அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று, கோபம் வந்து விரலை நீட்டி அதட்டினார். நாய் திரும்பி வந்து அவர் காலில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. சந்திக் கடையில் ஒரு தாய், சோறு தின்னாத மகளுக்கு, "உந்தா வாறா வெள்ளைக்காரி, பிடிச்சுக்கொண்டு போகப்போறா" என்று சொல்ல, அந்தப் பிள்ளை ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கி, தன்னைத் தூக்கச் சொன்னது. தாய்க்கு முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு கட்டு ஓலைக்கு விலை பேசினார்.

தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி ஒரு நார் இருக்கும், பன்னாடை. அதைக் கண்ட நாள் முதல் அவருக்கு அதில் ஒரே பிடிப்பு. பெயரைக் கேட்டார், சொல்லிக் கொடுத்தேன். உதவாக்கரை ஆளைத் திட்டவும் எங்களுக்கு அதே சொல்தான் என்பதைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தேனா, விட்டேனா என்று இப்போது கேட்காதீர்கள். அடுத்த நாள் விடிய, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் வீட்டுப் படலையில் நின்று, அவரை நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டு, "பன்னாடை! நல்ல பன்னாடை!" என்றார். அதிபருக்குப் பின்னாலே அவருடைய தென்னை நின்றது, அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த அதிபரிடம் அதே சொல்லை வாங்கி வளர்ந்தவர்கள்தான் பாதி ஊர். செய்தி மத்தியானத்துக்கு முன்னமே மல்லாவி வரைக்கும் போய்விட்டது. அதிபர் ஆளைக் கூப்பிட்டு மரத்தில் ஏற்றி ஒரு கட்டு இறக்கிக் கொடுத்தார். அந்த அம்மா சொன்னால் ஏச்சும் ஏச்சாகக் கேட்காது, அதுதான் உண்மை.

அப்படிப்பட்டவர் கட்டுகிற வெருளி எப்படி இருக்கும்? தலைவர் வயலில் நின்றது ஒரு பெண். இரண்டு கையையும் விரித்து, தலையைக் கொஞ்சம் சரித்து, வாருங்கோ வாருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ என்று கூப்பிடுகிற மாதிரி நின்றாள். அவ்வளவு வடிவு. மயில்கள் குடும்பத்தோடு வந்தன. நெல்லைக் கொத்திவிட்டு, வெயில் ஏற அவளுடைய நிழலில் ஒதுங்கின. மூன்றாம் நாள் தலைவரின் பசு அவளுடைய தலையைத் தின்றுவிட்டது. நான் பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. புல்லிலிருந்து வந்தது புல்லுத் தின்பதிடமே போய்விட்டது, இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். தலைவர் என்னவாம் என்று கேட்டார். "மாடு திண்டது நல்லதாம்" என்றேன். தலைவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என் ஓட்டோவில் ஏறவில்லை.

இனி என் அக்கா. எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அத்தான் செத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. வாய்க்கால் கரையில் அரை ஏக்கரில் தனியாகக் கச்சான், அதுதான் நிலக்கடலை, போடுகிறாள். முந்தின வருடம் காய் பிடித்த நேரம் மயில்கள் இறங்கி, நிரை நிரையாகக் கிளறித் தின்றுவிட்டன. மயிலை அடிக்கவும் ஏலாது, முருகனின் வாகனம். முருகனுக்கு வாகனம் ஒன்று காணும்தானே, மிச்சத்தை எல்லாம் ஏன் எங்கள் பக்கம் அனுப்பினார் என்று அக்கா கோயிலில் நின்றே கேட்டிருக்கிறாள். நான் அந்த வருடம் ஒரு பழைய சேட்டும் ஹெல்மெட்டும் போட்டு அவளுக்கு ஒரு வெருளி கட்டிக் கொடுத்தேன். மயில் பயப்படவில்லை. விடியக் காணிக்குப் போன அக்காதான் ஹெல்மெட்டோடு ஓர் ஆள் நிற்கிறதைக் கண்டு குளறிக்கொண்டு ஓடி வந்தாள். நான் போய்ப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

இந்த முறையும் கச்சான் போய்விட்டால் காணியை விட்டுவிட்டு வவுனியாவில் மகளிடம் போய்விடப்போவதாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் இருப்பது ஒரு மேல்மாடி வீடு. அங்கே அக்காவுக்கு என்ன வேலை? தொலைக்காட்சி பார்க்கலாம், படியைப் பார்க்கலாம்.

வெருளியம்மாவுக்கு உண்மை தெரியவந்தது மாங்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளுக்குப் பேச அழைத்திருந்தார்கள். ஊர் தன்னைக் கூப்பிடும் சொல்லுக்குச் சிற்பி என்று அர்த்தம் என அவர் தன்பாட்டில் எடுத்துக் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மேடையில் ஏறிக் கைகூப்பி, நன்றாகப் பழகிய தமிழில், "வணக்கம். நான் ஒரு வெருளி" என்றார். ஆறடி உயரம், வைக்கோல் நிறத் தலைமயிர், நீண்ட கை. பிள்ளைகள் வாங்கிலிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒரு ரீச்சர் பக்கத்தில் போய் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். நான் ஓட்டோவுக்குள் ஒளிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது, முறிகண்டியில் எல்லா வாகனமும் பிள்ளையாரைக் கும்பிட நிற்கும், நானும் நிறுத்தினேன். கச்சான் ஒரு கடதாசிச் சரை வாங்கிக் கொடுத்தேன். அவர் உடைத்துத் தின்று, கோதுகளை வீசாமல் பைக்குள் போட்டார். அதிலும் ஏதோ செய்யலாம் என்று நினைத்திருப்பார். பிறகு அமைதியாகக் கேட்டார், அந்தப் பதினொரு பேரும் கேட்டது அதைத்தானா என்று. ஓம் என்றேன். ஏதாவது பயந்ததா, ஒரு மயிலாவது என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை, பிள்ளையார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏமாற்றியது அவருக்கு நோகவில்லை. ஒரு மயிலும் பயப்படாததுதான் நொந்தது.

பேச்சை மாற்ற, என் அக்காவும் கச்சான்தான் போடுகிறாள் என்று தொடங்கி, மயில், ஹெல்மெட், வவுனியா மேல்மாடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தன்னை அங்கே கொண்டுபோகச் சொன்னார். இந்த முறை உண்மையான வெருளி ஒன்று கட்டப்போகிறாராம்.

உண்மையாகவே முயன்றார். பனங்கொட்டையில் கண், முள்ளுத்தடியில் பல்லு, தும்பில் தலைமயிர். கட்டி முடித்துக் காணிக்கு வெளியே தள்ளி நின்று பார்த்தோம். பல்லுக்கொதியை, பல்வலியை, வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஒரு நல்ல மனிதர் மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் ஓர் ஆண் மயில் வந்தது. அதை ஒருதரம் சுற்றிப் பார்த்தது. முன்னால் நின்று தோகையை விரித்து ஆடத் தொடங்கியது.

அக்கா சிரித்தாள். வரம்பில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தானுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆட்டம் முடித்த மயில் அப்படியே குனிந்து இரண்டு நிரை கச்சானைக் கிளறிவிட்டுப் போனது. அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"சண்டை நேரம் செல்லடிக்கு ரெண்டு தரம் இந்தக் காணியை விட்டிட்டு ஓடினனான்" என்றாள். "அதை ஆருக்கும் சொல்லலாம். மயிலுக்கு விட்டிட்டு ஓடினன் எண்டு எப்பிடியடா சொல்லுறது? உவாவுக்குச் சொல்லு, உவாவில பிழையில்லை எண்டு."

சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, அந்தப் பல்லுக்கொதிக்காரனை அவிழ்த்து நிலத்தில் கிடத்தினார். அடுத்த நாள் விடியவே வந்து காணியின் நடுவில் புதிதாகத் தொடங்கினார்.

இனி நடந்தது ஏழு கிழமை. விடிய வருவார், பொழுதுபட நான் ஏற்றிக்கொண்டு போவேன். தடி நடுவார், கொடி முறுக்குவார், பத்தடி தள்ளிப்போய்ப் பார்ப்பார், திரும்ப ஓடி வருவார், அந்த நீட்டுக் கையால் காற்றில் அளவெடுப்பார். வேலை செய்யும்போது பாடுவார். சுருதி என்று ஒன்று அவருடைய நாட்டில் இல்லைப் போல. மயில்கள் வாய்க்கால் கரை மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தன, இறங்கவில்லை. கடைசியில் இவருக்குக் கை வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆனால் அக்கா திருப்திப்படவில்லை. "மூக்குச் சரியில்லை எண்டு சொல்லு" என்பாள். மூக்கு மாறும். "வலக்கை பதிஞ்சு கிடக்கு எண்டு சொல்லு." கை உயரும். "இப்ப இடக்கை." ஒருநாள், பார்வையில் ஆழமில்லை என்றே சொன்னாள். என் அக்கா எட்டாம் வகுப்பு. நான் எல்லாவற்றையும் பக்குவமாக மொழிபெயர்த்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கொப்பியில் எழுதிக்கொள்வார். தன் வாழ்நாளில் இப்படியொரு கண்டிப்பான பார்வையாளரைச் சந்திக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். போதாததற்குக் குரங்குச் சேட்டை வேறு. பின்னேரம் இருந்த தோள் விடியப் பார்த்தால் இராது. கட்டுகள் அவிழ்ந்து கிடக்கும். தங்குமிடத்து மனேச்சர் கிழமைக்கு இரண்டு தரம் எனக்குக் கோல் எடுத்து, மூன்று மாத முடிவில் வைக்கிற கண்காட்சி நாள் கிட்டுது, வேலை முடிந்ததா என்று கேட்டார். நான் அக்காவிடம் சண்டைக்கே போனேன்.

"அந்த மனுசி வெயிலுக்க காயுது. நீ ஒரு நாளாவது குறை சொல்லாமல் இருக்க மாட்டியோ?"

"நல்லா வரவேணும் எண்டுதானே சொல்லுறன்" என்றாள் அக்கா. "நீ போய் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வா, பொழுதுபடுது." ஒழுங்கை ஒடுக்கமான சந்து, வாய்க்கால் முனைவரை போய்த்தான் திருப்ப வேண்டும். தினமும் கால் மணித்தியாலம் அதிலேயே போய்விடும்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னர் அக்கா கச்சான் பிடுங்கினாள். அப்படி ஒரு விளைச்சலை நான் அந்தக் காணியில் காணவில்லை. மனேச்சர் கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, வெறும் காணியின் நடுவில் மூக்கும் இடக்கையும் இல்லாத ஓர் உருவம் நின்றது. பக்கத்தில் கச்சான் குவியல் என் நெஞ்சு உயரத்துக்கு. மனேச்சருக்கு வியர்த்துவிட்டது. எது உங்கள் வேலை என்று விருந்தாளி ஒருவர் கேட்க, அந்த அம்மா கையை நீட்டிக் குவியலைக் காட்டினார். விரல் தவறிக் காட்டுகிறது, பாவம் களைப்பு என்று நினைத்து, நான் விருந்தாளிகளை மெல்ல உருவத்தின் பக்கம் திருப்பிவிட்டேன். அவர்கள் அதைச் சுற்றி நின்று படமெடுத்தார்கள். அக்கா ஒருதரம் மூக்கில்லாத முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப சரி எண்டு சொல்லு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூக்கு இருந்த நேரமெல்லாம் குறை சொன்னவள் அல்லவா!

அக்கா விதைக்கென்று ஒரு சாக்கைத் தனியே கட்டி வீட்டுக்குள் ஏற்றினாள். மகளுக்குக் கோல் எடுத்து, வவுனியாவுக்கு வரவில்லை, வந்தால் ஆர் விதைக்கிறது என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

போகிற அன்று வெருளியம்மாவை முறிகண்டிக்கு ஏற்றிக்கொண்டு போனேன், கொழும்பு வான் அங்கேதான் வரும். அக்கா வறுத்துக் கொடுத்த கச்சான் மடியில் இருந்தது. வான் வரும்வரை இருந்து உடைத்தோம். என்னிடம் ஓர் உண்மை சொல்ல வேண்டும் என்றார். குரங்கு ஒன்றும் வரவில்லையாம். அவர் கட்டியதைக் கண்டு மயில் பயப்படவில்லை, அவரைக் கண்டுதான் இறங்கவில்லை. அது இரண்டாம் கிழமையே அவருக்குத் தெரிந்துவிட்டது. வேலை முடிந்தால் காணியை விட்டுப் போக வேண்டும். ஆகவே வேலை முடியாமலிருக்க ஒவ்வொரு பின்னேரமும் தானே அவிழ்த்தாராம்.

இப்படிப்பட்ட மனுசியைத்தானே அக்கா மூக்கு, கை என்று பாடாய்ப் படுத்தினாள். உடனே அவளுக்குக் கோல் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒரு பிடி பிடித்தேன். அவாதானாம் அவிட்டது, உனக்குத் தெரியுமோ என்றேன்.

"தெரியும்" என்றாள் அக்கா. "நீ ஓட்டோ திருப்பப் போகேக்க நான்தானே மற்றப் பக்கம் நிண்டு அவிட்டனான்."

"அப்ப மூக்குச் சரியில்லை, கை சரியில்லை எண்டு ஏழு கிழமை நான் மொழிபெயர்த்தது?"

"நீயும் ஏதாவது செய்துகொண்டு நிக்கவேணுமே, தம்பி. நீ பாவம் எண்டு அவாதான் சைகை காட்டினவா."

அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனால் என் முகத்தைப் பார்த்து எல்லாம் விளங்கிவிட்டது. வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவர் அந்த நீண்ட உடம்பை வளைத்து, ஃபோனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்தார்.

"அக்கா, நான் வெருளி."

"ஓம்" என்றாள் அக்கா. "நல்ல வெருளி."

அவர் மொழிபெயர்க்கச் சொல்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவும் என்னைக் கேட்கவில்லை. நான் பையைத் தூக்கி வானில் ஏற்றிவிட்டு, மிச்சக் கச்சானை உடைத்துக்கொண்டு நின்றேன்.